தனிக் கைவினைஞரிடம் கில்ட் தைக்கக் கொடுப்பது: முன்பணம் கட்டும் முன் எதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும்?

டே ஆற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். நான் டண்டீயில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வரும் கோடையில் என் மகளுக்கும் அபர்தீன் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் மகனுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது. காலையில் நம் முறைப்படி தாலி கட்டும் சடங்கும், மாலையில் அவர்கள் வழக்கப்படி விருந்தும் நடனமும் என்று இரு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறோம். காலையில் சம்பந்தியும் பட்டு வேட்டி கட்டுவதாகச் சொல்லிவிட்டார். மாலையில் நான் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கம்பளி உடை) அணிந்தால் தமக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார். வாடகைக்கு எடுத்து ஒரு மாலை அணிந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த உறவு இனி ஆயுள் முழுவதும் நீடிக்கப்போவது. அதற்கேற்ற உடையாக ஒன்றைத் தைத்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

பெர்த்ஷயரில் வீட்டிலேயே பட்டறை வைத்து ஒற்றை ஆளாகத் தைக்கும் ஒரு கைவினைஞரிடம் தொலைபேசியில் பேசினேன். எட்டு கெஜம், 16 அவுன்ஸ் கம்பளித் துணி, முழுவதும் கைத்தையல், விலை 780 பவுண்டு, அதில் பாதி முன்பணம், ஐந்து மாதக் காத்திருப்பு என்று சொன்னார். டார்ட்டன், அதாவது குலத்துக்கும் படைப்பிரிவுக்கும் ஏற்ப மாறும் கட்டக் கோட்டு வடிவம், பிளாக் வாட்ச்சாக இருக்கட்டும் என்று எண்ணியிருக்கிறேன்; அது அதே பெயருடைய ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் டார்ட்டன். எடின்பரோ ராயல் மைல் கடைகளில் இதன் பத்தில் ஒரு பங்கு விலைக்குக்கூட கில்ட் கிடைக்கிறது. பேரம் பேசும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. எதற்காக இந்தப் பணத்தைக் கொடுக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குழலிசை மாணவன்

வாழ்த்துகள் ஐயா. நான் கிளாஸ்கோவில் ஒரு பேக்பைப் இசைக்குழுவில் வாசிக்கிறேன். குழுவில் சேர்ந்த புதிதில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘கையால் தைத்த எட்டு கெஜக் கில்ட்’ என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்ததை வாங்கினேன். வந்து சேர்ந்தது அக்ரிலிக் துணி. ஒரு மழையில் நனைந்ததும் மடிப்புகள் எல்லாம் விரிந்துவிட்டன. எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் கத்தி முனை போன்ற விளிம்பு மீண்டும் வரவே இல்லை. பின்புறத்தைப் பிரித்துப் பார்த்தபோது, மடிப்புகளின் மேல் இயந்திரத் தையல் ஒன்று நேராக ஓடியிருந்ததைத் தவிர உள்ளே வேறு எந்தப் பிடிமானமும் இல்லை. ‘கையால் தைத்த’ என்ற சொல்லுக்கு விற்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் சொல்கிறார்கள். எந்தெந்தப் பகுதி கையால் தைக்கப்படும், எது இயந்திரத்தால் தைக்கப்படும் என்று பகுதி பகுதியாகக் கேட்டுவிடுங்கள்.

ஊசிமுனை

இன்வர்னஸிலிருந்து எழுதுகிறேன். முறையாகக் கில்ட் தைக்கக் கற்றுக்கொண்டு இப்போது பகுதி நேரமாக அந்தத் தொழிலைச் செய்து வருகிறேன். கேள்வி கேட்டவர் 780 பவுண்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவதால் அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கில்ட்டில் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டையான பாகங்கள் படியும். பின்பக்கம் முழுவதும் மடிப்புகள். உங்கள் சீட் அளவு (பின்புறம் மிக அகன்ற இடத்தின் சுற்றளவு) 40 அங்குலம், இடை 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்துக்கு 20 அங்குலம் கிடைக்கும். அதில் 27 மடிப்புகள் வைத்தால், ஒவ்வொரு மடிப்பும் சீட் மட்டத்தில் வெளியே தெரியும் அகலம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். இடைக்கு வரும்போது பின்பக்கம் 18 அங்குலமாகக் குறைய வேண்டும். எனவே ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவான அளவு ஒடுங்க வேண்டும். இருபத்தேழு மடிப்புகளிலும் அந்த ஒடுக்கம் ஒரே சீராக இருக்க வேண்டும். அதே வேளையில் குறுக்கே ஓடும் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு நூல் பிசகாமல் தொடர வேண்டும். இயந்திரத்தின் பாதத்துக்கடியில் தடித்த கம்பளி நகர்ந்துவிடும். கையால் தைக்கும்போது ஒவ்வொரு கோட்டையும் அடுத்த மடிப்பின் கோட்டோடு கண்ணால் பொருத்தி, ஊசியால் நிறுத்திக்கொண்டே போகலாம். சீட்டிலிருந்து இடையின் மேல் விளிம்பு வரை ஒரு மடிப்புக்கு ஒன்பது அங்குலம் தையல் என்றால், மடிப்புகளுக்கு மட்டும் ஆறு கெஜத்துக்கு மேல் கைத்தையல் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதில் ஒரு தையல்கூடக் கண்ணில் படக் கூடாது.

உள்ளே நடப்பது இதைவிட முக்கியமானது. மடிப்புகளைத் தைத்து முடித்ததும், உள்பக்கத்தில் அடுக்கடுக்காகச் சேரும் துணி இடையில் பெரிய புடைப்பாக நிற்கும். அதைத் தாங்க, சீட் மட்டத்தை ஒட்டி மடிப்புகளின் உள்ளடுக்குகளை இணைத்து ஒரு தாங்கு தையல் போட வேண்டும். அதன் பிறகுதான் மேலே உள்ள மிகைத் துணியை வெட்டி எடுக்கலாம். வெட்டிய இடத்தில் வலுவான பட்டைத் துணி ஒன்றைக் குறுக்கே வைத்துத் தைத்து, தோல் வார்களின் இழுப்பு மடிப்புகளின் மேல் விழாமல் அந்தப் பட்டையின் மேல் விழும்படி செய்ய வேண்டும். பிறகு கான்வாஸ், அதன் மேல் லைனிங். நீங்கள் நடனமாடும்போதும் உட்கார்ந்து எழும்போதும் இடுப்பைச் சுற்றி வரும் இழுப்பு முழுவதையும் இந்த உள் வேலைதான் வாங்கிக்கொள்கிறது. இதைச் செய்யாமல் லைனிங் போட்டு மூடிவிட்டால் வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழித்து மடிப்புகள் பிளந்துகொண்டு வரும்போதுதான் தெரியும்.

ஆகவே உங்கள் கைவினைஞரிடம், லைனிங் போடுவதற்கு முன் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு அனுப்புவார். தாம் தைத்த உள் வேலையை யாராவது பார்க்க விரும்புகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய நிறைவு. ஒரு கில்ட்டுக்கு இருபது மணி நேரத்தை ஒட்டிய கைவேலை பிடிக்கும். துணி, தோல், பக்கிள் ஆகியவற்றின் விலையைக் கழித்துவிட்டு மீதியை அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சொன்ன விலை நியாயமானது என்பது புரியும். கைவினைகளின் நிலையைக் கவனித்துவரும் ஹெரிடேஜ் கிராப்ட்ஸ் அமைப்பு, அழியும் அபாயத்தில் உள்ள தொழில்களின் பட்டியலில் கில்ட் தைப்பதையும் சேர்த்திருக்கிறது. அதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பாவும் ஊடையும்

சகோதரி தையலைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு துணியைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும். எல்லைப்புற மாவட்டத்தில் ஒரு கம்பளி நெசவாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான்.

கில்ட் துணி என்பது நன்றாக முறுக்கிய வொர்ஸ்டட் (சீவி நேராக்கிய இழைகளில் நூற்ற கம்பளி) நூலில், பாவிலும் ஊடையிலும் இரண்டு மேல் இரண்டு கீழ் என்று ஓடும் ட்வில் நெசவு. 10 அல்லது 11 அவுன்ஸ் துணி இலேசானது. 13 அவுன்ஸ் நடுத்தரம். 16 அவுன்ஸ் கனமானது. படைப்பிரிவுகளுக்கு இதைவிடக் கனமான துணியும் நெய்யப்பட்டிருக்கிறது. எடை கூடக் கூட மடிப்பு தானாகவே நேராகத் தொங்கும்; நடக்கும்போது வீசி விரிந்து மீண்டும் தன் இடத்துக்கு வரும். கோடைத் திருமணம் என்பதால் இலேசான துணி போதுமே என்று யாராவது சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் கோடைக்கு 16 அவுன்ஸ் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அரங்கத்துக்குள் வெகுநேரம் ஆடப்போகிறீர்கள் என்றால் 13 அவுன்ஸையும் கையில் எடுத்துப் பாருங்கள். மாதிரித் துண்டு வாங்கிப் பார்க்காமல் துணியை உறுதி செய்யாதீர்கள். செல்கர்க்கில் உள்ள லொக்காரன், பெர்த்தில் உள்ள ஹவுஸ் ஆஃப் எட்கர், ஃபோர்ஃபரில் உள்ள ஸ்ட்ராத்மோர் போன்ற நெசவாலைகள் இந்தத் துணிகளை நெய்கின்றன. ஒரே டார்ட்டன் ஆனாலும் ஆலைக்கு ஆலை நிறச்சாயலும் கட்டத்தின் அளவும் மாறும். எனவே ஒப்பந்தத்தில் டார்ட்டனின் பெயரோடு ஆலையின் பெயர், எடை, நிற வகை ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

நிற வகை என்று நான் சொல்வது மாடர்ன், ஏன்ஷன்ட், வெதர்டு முதலியவற்றை. பிளாக் வாட்ச் டார்ட்டனில் உள்ள கருநீலம், பச்சை, கறுப்பு ஆகிய மூன்றும் மாடர்ன் வகையில் மிகவும் ஆழமாக இருக்கும். விளக்கொளியில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே இருண்ட துணி போலத் தெரியும். ஏன்ஷன்ட் வகையில் மூன்றும் வெளிறி, கட்டங்கள் தனித்தனியே தெரியும். உங்கள் நிகழ்ச்சி மாலை நேரத்தில் நடக்கிறது. இரண்டு மாதிரிகளையும் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல் இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு செய்தி. இப்போது பெரும்பாலான துணி இரட்டை அகலத்தில், அதாவது 54 முதல் 56 அங்குல அகலத்தில் நெய்யப்படுகிறது. நான்கு கெஜம் வாங்கி, நீளவாக்கில் நடுவே கிழித்து, இரண்டு பாதிகளையும் ஒரு மடிப்பின் உள்ளே மறைத்து இணைத்தால் எட்டு கெஜம் கிடைக்கிறது. கில்ட்டின் அடி விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. நெசவின் ஓரக்கரையே அடி விளிம்பாக நிற்கும். இரண்டு பாதிகளிலும் கரை கீழே வர வேண்டுமானால் ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பிளாக் வாட்ச் இருபுறமும் ஒரே மாதிரியான கட்டம் கொண்டது என்பதால் சிக்கல் இல்லை. பியூக்கனன் போன்ற சமச்சீரற்ற டார்ட்டனில் திருப்பிய பாதியில் கோடுகளின் வரிசையே தலைகீழாகிவிடும். அத்தகைய டார்ட்டனைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒற்றை அகலத்தில் எட்டு கெஜமாக நெய்த துணி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

டே ஆற்றங்கரையான்

இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, எந்தக் குலத்தையும் சேராத நான் பிளாக் வாட்ச் அணிவது முறைதானா? அது படைப்பிரிவின் டார்ட்டன் அல்லவா? இரண்டாவது, எட்டு கெஜம் கட்டாயம் வேண்டுமா? ஐந்து கெஜத்தில் தைத்தால் விலை குறையும் என்று கைவினைஞரே சொன்னார். விலைக்காகக் கேட்கவில்லை, மரபுப்படி எது சரி என்று தெரிய வேண்டும்.

வடகடல்

முதல் கேள்விக்கு விடை எளிது. பிளாக் வாட்ச் பொதுவாக யாரும் அணியக்கூடிய டார்ட்டனாகவே கருதப்படுகிறது. அந்தப் படைப்பிரிவு டண்டீ, பெர்த்ஷயர், ஆங்கஸ், ஃபைஃப் பகுதிகளிலிருந்துதான் ஆள் சேர்த்தது. அதன் அருங்காட்சியகமும் உங்களுக்கு அருகில் பெர்த்தில், பல்ஹவுஸி கோட்டையில் இருக்கிறது. டண்டீயில் வாழும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடைப்பது அரிது. அரச குடும்பத்துக்குரிய பல்மோரல் போன்ற வெகு சிலவற்றைத்தான் அனுமதியின்றி அணிவதில்லை. ஐயம் வந்தால் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் டார்ட்டன் பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான அந்தப் பதிவேட்டில், கட்டுப்பாடு எதுவும் இருந்தால் அந்த டார்ட்டனுக்கான பதிவிலேயே குறித்திருப்பார்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் என் கருத்து பலரோடு மாறுபடும். எட்டு கெஜம்தான் மரபு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிந்தைய 1790களின் தைத்த கில்ட்டுகளைப் பார்த்தால், நான்கு கெஜத்தை ஒட்டிய துணியில், பெட்டி மடிப்பு (இரு ஓரமும் உள்ளே மடிந்து முகப்பு தட்டையாக நிற்பது) வைத்துத் தைத்தவையாக இருக்கின்றன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாக்களுக்குப் பிறகு இந்த உடைக்குப் புதிய மதிப்பு வந்தது. அந்த நூற்றாண்டு போகப் போகத் துணியின் அளவும் கூடிக்கொண்டே வந்தது. இன்று நாம் காணும், எல்லாம் ஒரே பக்கம் சாயும் கத்தி மடிப்பும் அந்த நூற்றாண்டில் பரவியதுதான். ஆகவே நான்கு கெஜப் பெட்டி மடிப்புக் கில்ட் மரபுக்குக் குறைந்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தைத்த கில்ட்டுகளில் காலத்தால் முந்தியது அதுதான். உங்கள் கைவினைஞருக்குப் பெட்டி மடிப்பு தைக்கத் தெரியுமானால் அதையும் எண்ணிப் பாருங்கள் என்பேன்.

ஊசிமுனை

வடகடல் சொல்லும் வரலாறு சரி. பெட்டி மடிப்புக் கில்ட்டின் அழகும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எத்தனை கெஜம் என்ற கேள்வியை வரலாற்றை வைத்துத் தீர்மானிப்பதைவிட, தேர்ந்தெடுத்த துணியின் கட்ட அளவை வைத்துத் தீர்மானிப்பதே பயனுள்ளது. முன்பக்கத்தில் உள்ள கட்டங்கள் பின்பக்க மடிப்புகளிலும் அப்படியே தொடர வேண்டுமானால், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு முழுக் கட்டம், அதாவது கோடுகளின் வரிசை ஒரு முறை முழுதாக வந்து முடியும் நீளம், அடங்க வேண்டும். எட்டு கெஜம் என்பது 288 அங்குலம். முன்பாகங்கள் இரண்டுக்கும் ஓரத்தின் ஆழ்ந்த மடிப்புகளுக்குமாக 70 அங்குலம் போனால் மீதி 218. கட்டம் 8 அங்குலமாக இருந்தால் 27 மடிப்புகள் வரும். 10 அங்குலமாக இருந்தால் 21 மடிப்புகள்தான் வரும், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தை நெருங்கும் அகலத்தில். ஐந்து கெஜத்தில் அதே 8 அங்குலக் கட்டத்தை வைத்தால் 13 மடிப்புகள்தான் கிடைக்கும். சீட் அளவு 40 உள்ளவருக்கு அது ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் என்றாகிவிடும். பெட்டி மடிப்புக்கு அந்த அகலம் சரி. கத்தி மடிப்புக்கு அது தட்டையாகவும் உயிரற்றும் தெரியும். எனவே ஐந்து கெஜத்தில் கத்தி மடிப்பு வேண்டுமென்றால் கட்டம் சிறிதாக இருக்க வேண்டும், இல்லையேல் மடிப்பின் ஆழத்தைக் குறைத்துக் கோடு பொருத்தும் முறைக்குப் போக வேண்டும்.

திருமணத்தில் ஆடப்போகிறீர்கள். சுழன்று ஆடும்போது பின்பக்கம் விரிந்து அடங்குவது, நன்றாகக் கட்டிய புடவையின் கொசுவம் நடைக்கு ஏற்ப விரிவது போல, துணியின் அளவையும் கனத்தையும் பொறுத்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் எட்டு கெஜத்தையே எடுப்பேன்.

வடகடல்

கட்ட அளவுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். எட்டு கெஜத்தை விரும்பி எடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மரபு கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லி, வசதி குறைந்தவர்களை அக்ரிலிக் துணியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பதே என் கவலை. நான்கு கெஜம் நல்ல கம்பளியில் கையால் தைத்த கில்ட் இன்றும் கண்ணியமான உடை.

குழலிசை மாணவன்

கோடு பொருத்தும் முறை என்று அக்கா சொன்னதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். எங்கள் குழுவில் எல்லாக் கில்ட்டுகளிலும் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே நிறக் கோடு வரும்படி தைத்திருக்கிறார்கள். நிற்கும்போது பின்பக்கம் வரிவரியாகத் தெரியும். நடக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து வேறு நிறம் மின்னி மறையும். கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவினர் மஞ்சள் கோட்டை வைத்து இப்படித்தான் அணிந்தார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஐயாவுக்கு எது பொருந்தும்?

ஊசிமுனை

கோடு பொருத்துவது படைப்பிரிவு வழக்கம். இசைக்குழுவில் பலர் வரிசையாக நிற்கும்போது அது மிகவும் அழகு. தனியொருவர் விழாவுக்கு அணிவதற்குக் கட்டம் தொடரும் முறையையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். பிளாக் வாட்ச்சில் பளிச்சென்ற கோடு எதுவும் இல்லாததால் கோடு பொருத்தினால் பின்பக்கம் மேலும் இருண்டு போகும். இருந்தாலும் இதை நீங்களே முடிவு செய்யுங்கள். துணியில் மடிப்புகளைக் குண்டூசியால் நிறுத்தி இரண்டு விதமாகவும் காட்டும்படி கைவினைஞரைக் கேட்கலாம். சில நிமிட வேலைதான். ஆனால் அதைத் துணியை மடித்துத் தைக்கத் தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டும். பிறகு மனம் மாறினால் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

அளவு எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பேன்ட் அளவை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கில்ட் பேன்ட்டைப் போல இடுப்பெலும்பில் தங்குவதில்லை. தொப்புள் மட்டத்தில் கட்டப்படுகிறது. அந்த மட்டத்தில் இடை அளவு, பின்புறம் மிக அகன்ற இடத்தில் சீட் அளவு, இடையிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை நீளம் ஆகிய மூன்றையும் வேறொருவர் எடுக்க வேண்டும். நீங்களே குனிந்து டேப்பைப் பார்த்தால் நீள அளவு பிசகும். முடிந்தால் கைவினைஞரிடம் நேரில் போய் அளவு கொடுங்கள். டண்டீயிலிருந்து பெர்த்ஷயர் ஒன்றும் தொலைவில்லை. அடி விளிம்பு ஓரக்கரையாக இருப்பதால் நீளத்தை முடிந்த பிறகு திருத்த முடியாது. இடையையும் சீட்டையும் வார்களை நகர்த்தி ஓரளவு தளர்த்தலாம், இறுக்கலாம். நீளத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நீதிக்கோல்

பிரிட்டனில் நுகர்வோர் சட்டத் துறையில் இருக்கிறேன். பணம் கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ வாங்கும் பொருள்களை 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரும் உரிமை 2013ஆம் ஆண்டு விதிகளின்படி உண்டு. ஆனால் வாடிக்கையாளர் கொடுத்த விவரங்களின்படி அவருக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. உங்கள் அளவுக்குத் தைத்த கில்ட் அந்த விலக்கில் வரும். இது கைவினைஞருக்கு நியாயமான பாதுகாப்பு. கிழித்த துணியை அவர் யாருக்கு விற்க முடியும்? அதே வேளையில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், தரம் திருப்தியளிக்க வேண்டும். எட்டு கெஜம், 16 அவுன்ஸ், கைத்தையல் என்று எழுத்தில் இருந்தால்தான் ‘சொன்ன விவரம்’ என்பதை நாளை நீங்கள் சுட்டிக்காட்ட முடியும். தொலைபேசியில் பேசியதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாக எழுதி, ‘நாம் பேசியது இதுதானே, உறுதிப்படுத்துங்கள்’ என்று கேட்டுவிடுங்கள். அது ஐயப்படுவதாகாது. தனியொருவராக வேலை செய்பவருக்கு அது ஒரு குறிப்பேடாகவும் பயன்படும்.

முன்பணத்தைக் கடன் அட்டை வழியாகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், வேலை முடியாமல் போனாலோ குறையோடு வந்தாலோ அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். விலையின் ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டினாலும் இந்தப் பாதுகாப்பு முழுத் தொகைக்கும் உண்டு. ஆனால் இடையில் வேறொரு கட்டண நிறுவனம் நின்று பணத்தை வாங்கிக் கொடுத்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகக்கூடும் என்பதைக் கவனியுங்கள். அட்டை வாங்கும் வசதி அவரிடம் இல்லையென்றால், முன்பணத்தை இரண்டாகப் பிரித்து, துணிக்கான தொகையை இப்போதும், தையலுக்கான தொகையை வேலை தொடங்கும் நாளிலும் தரலாமா என்று கேளுங்கள்.

பாவும் ஊடையும்

நீதிக்கோலின் கடைசி வரியை ஒட்டி ஒரு சிறு குறிப்பு. துணியை நீங்களே ஆலையில் வாங்கிக் கொடுத்தால் மலிவாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். துணியில் நெசவுக் குறை இருந்தாலோ, இரண்டு பாதிகளிலும் கரையிலிருந்து கோடு தொடங்கும் தூரம் ஒத்துப்போகாவிட்டாலோ, அதைக் கண்டுபிடித்து ஆலைக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பு யாருடையது என்ற சிக்கல் வரும். அவரே வரவழைக்கட்டும், அவர் கண் அதற்குப் பழகியது.

டே ஆற்றங்கரையான்

அனைவருடைய பதில்களையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு, மனைவியோடு பெர்த்ஷயருக்கு நேரில் சென்று வந்தேன். கைவினைஞர் ஒரு மேசையில் வேறொருவருக்காகத் தைத்துக்கொண்டிருந்த கில்ட்டை லைனிங் போடாத நிலையில் புரட்டிக் காட்டினார். ஊசிமுனை எழுதிய தாங்கு தையலும் பட்டைத் துணியும் அப்படியே இருந்தன. மடிப்புகளின் உள்பக்கத்தில் தையல்கள் மிக நெருக்கமாக, அரிசி மணியில் பாதியளவுகூட இல்லாமல் ஓடின. வெளிப்பக்கத்தைத் திருப்பினால் நான் உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி தையல் அறிந்தவர். அவர் அந்த மேசையை விட்டு வரவே மனமில்லாமல் நின்றார்.

முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன். பிளாக் வாட்ச், ஏன்ஷன்ட் நிறம், 16 அவுன்ஸ், எட்டு கெஜம், கட்டம் தொடரும் கத்தி மடிப்பு. மாதிரித் துண்டுகள் இரண்டையும் இரவில் விளக்கடியில் வைத்துப் பார்த்ததும் நிறத்தில் ஐயமே இல்லாமல் போயிற்று. மடிப்புத் தையல், தாங்கு தையல், லைனிங் எல்லாம் கையால் தைக்கப்படும். வாரைப் பிடிக்கும் தோல் பகுதியை மட்டும் இயந்திரத்தில் தைத்து, பிறகு கையால் கில்ட்டோடு இணைப்பார். துணியை அவரே வரவழைக்கிறார். முன்பணத்தைத் துணிக்கும் தையலுக்கும் என்று இரண்டாகப் பிரிக்க உடனே ஒப்புக்கொண்டார். அனைத்தையும் மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துவிட்டோம். ஒப்படைக்கும் நாளைத் திருமணத்துக்கு ஆறு வாரம் முன்பாக வைத்திருக்கிறோம். ஒரு சிறு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. உடல் எடை கூடவோ குறையவோ செய்யலாம். பின்னால் திருத்துவதற்கு இப்போதே அவரிடம் ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமா?

ஊசிமுனை

மிகவும் நல்லது ஐயா. இரண்டு செய்திகளைச் சொல்லி வையுங்கள். வார்களில் பக்கிளுக்கான துளைகள் இரு பக்கமும் கூடுதலாக இருக்கட்டும். நடுத் துளையில் மாட்டும்போது இப்போதைய அளவு சரியாக இருக்க வேண்டும். அடுத்து, அடியில் வரும் முன்பாகத்தின் உள் ஓரத்தில் ஓரிரண்டு அங்குலத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அகலம் தேவைப்பட்டால் அங்கிருந்து எடுக்கலாம். நீங்கள் வெகுவாக இளைத்துவிட்டால் வார்களை நகர்த்துவது போதாது, மடிப்புகளைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்த வேலையைத் தாமே செய்து தருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கில்ட் வீட்டுக்கு வரும்போது மடிப்புகளின் அடிப்பகுதியில் வெள்ளை நூலில் நீளமான ஓட்டுத் தையல்கள் இருக்கும். அவை மடிப்பு கலையாமல் இருப்பதற்காகப் போட்டவை. அணிந்து பார்க்கும் வரை பிரிக்காதீர்கள். பிரிக்கும்போது ஒரே நூலாக இழுக்காமல், சில மடிப்புகளுக்கு ஒரு முறை கத்தரியால் வெட்டித் துண்டு துண்டாக உருவுங்கள். இழுத்தால் கம்பளி நூலும் சேர்ந்து எழும்பி வரும். முன்பக்கத்தில் குத்தும் கில்ட் ஊசியை மேல் பாகத்தில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு பாகங்களையும் சேர்த்துக் குத்தினால் நீங்கள் உட்காரும் முதல் முறையிலேயே துணி கிழியும்.

டே ஆற்றங்கரையான்

குறித்துக்கொண்டேன் சகோதரி. இரண்டையும் இன்றே அவருக்கு எழுதி அனுப்புகிறேன். துணி ஆலையிலிருந்து வந்ததும் மடிப்பை நிறுத்திக் காட்ட என்னை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது எடுக்கும் படங்களை, அவருடைய ஒப்புதல் கிடைத்தால், இதே இழையில் பதிகிறேன்.